மூன்று புள்ளி பன்னிரண்டு மீது ஓர் உள்விசாரணை

முதலாவதாக, ஆலையை மூடினார்கள். இரண்டாவதாக, மூடவில்லை, 'தற்காலிக இயக்க நிறுத்தம்' என்று வாசலில் பலகை வைத்தார்கள். மூன்றாவதாக, அந்தத் தற்காலிகப் பலகைக்கு வருடம் தவறாமல் வண்ணம் பூசினார்கள். நான்காவதாக, நூற்புக் கதிர்களையும் தறிகளையும் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஐந்தாவதாக, வேலை போனவர்கள் வாழ வழி கேட்டபோது கணினிப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு சான்றிதழும் ஒரு டிபன் டப்பாவும் கொடுத்தார்கள். ஆறாவதாக, டப்பாவுக்கு மூடி இல்லை.

கருமாபாளையத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நஞ்சப்பன் இந்த ஆறு அநியாயங்களையும் இந்த வரிசையில் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சுக்கு வருவார். நடுவில் ஒன்று விட்டுப்போனால் மறுபடி ஆலையிலிருந்து தொடங்குவார். ஒருமுறை மாரக்காள் ஆத்திரத்தில் மூடி விஷயத்தை முதலில் சொல்லிவிட்டார். அந்தக் கூட்டம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

நஞ்சப்பன் ஆலைச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். சிறைக்குப் போனவர், அடி வாங்கியவர், யாரிடமும் கை கட்டி நிற்காதவர். பள்ளிக்கூடம் அவரை அதிகம் பார்த்ததில்லை. துண்டுப் பிரசுரங்களைப் படித்தே எழுத்துக் கற்றார். அதனால் கொத்தமல்லி வாங்கப் போனாலும் "இன்றைய சூழ்நிலையில்" என்றுதான் ஆரம்பிப்பார். கடைக்காரர் பயந்துபோய் ஒரு கட்டு சேர்த்துக் கொடுப்பார்.

ஆலை போன பிறகு அவர் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பஞ்சாலைத் தொழிலாளர் கணினிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். நூற்புப் பிரிவில் இருந்த மாரக்காள் விசைப்பலகையில் உட்கார்ந்தார், இழை அறுந்தால் பட்டென்று முடிச்சுப் போட்ட விரல்களாயிற்றே. வேலைக்கு ஆள் பிடித்துவந்த மேஸ்திரி பொம்முராஜ், பொதிகளுக்குப் பொறுப்பு. ஒருவர் எழுதி வைத்த கணினி நிரலை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தும்படி மூட்டை கட்டி வைப்பதற்குப் பொதி என்று பெயர். அவற்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவர ஒரு கருவி இருந்தது. அதுவும் ஆள் பிடிக்கிற வேலைதான் என்பதால் அதை எல்லாரும் 'சின்ன மேஸ்திரி' என்றார்கள். பொம்முராஜ் அதைத் தன் சொந்தத் தம்பியைப்போல நடத்தினார். ஆலை வாசலில் காவல் நின்ற தொட்டையன் இங்கேயும் வாசலில் நின்றார்.

சங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எந்த வீதிக்கு எப்போது குடிநீர் விடுகிறார்கள் என்று ஊர்க்காரர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வேலை. பயிற்சி கொடுக்க வந்த ஜெயசீலன் என்ற ஆசிரியர் அதற்கான நிரலை எழுதி, ஓட வைத்து, பெங்களூருக்குப் போய்விட்டார். அது தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் இவர்கள் ஷிப்டு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மதியம் அரை மணி நேரம் திரையை அணைத்து அதற்குச் சாப்பாட்டு இடைவேளையும் விட்டார்கள். உள்ளே அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர்கள் அதன் கடமையுணர்ச்சி என்று பாராட்டினார்கள்.

அந்த வேலைக்காகத்தான் பேரூராட்சி அவர்களுக்குச் சங்கக் கட்டடத்தை விட்டுவைத்திருந்தது. கட்டடம் நிற்பது பேரூராட்சி நிலத்தில். ஆலை போய், தறி போய், கொடிக்கம்பம்கூடச் சாய்ந்துபோன பின் அந்த நாலு பேர் உட்கார்ந்து 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ள ஊரில் மிஞ்சியிருந்த ஒரே கூரை அதுதான். நஞ்சப்பனுக்கு வீடு இருந்தது. ஆனால் வீட்டில் அவர் வெறும் நஞ்சப்பன். இங்கே அவர் செயலாளர்.

இப்படியிருக்கையில் செய்திகளைச் சுமந்துபோகும் கம்பெனி தன் பழைய பொதியை நிறுத்திவிட்டுப் புதுப் பொதி வெளியிட்டது. பேரூராட்சியின் செயல் அலுவலர் தமயந்தி சங்கத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புதுப் பொதியை ஓட வைக்கவேண்டும். இல்லையென்றால் வேலை கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் போகும், கட்டடத்துக்குப் பூட்டு வரும்.

மாரக்காள் புதுப் பொதியைக் கொண்டுவரும்படி சின்ன மேஸ்திரிக்கு உத்தரவு கொடுத்தார். திரையில் சிவப்பாக எழுத்துகள் வந்தன.

"என்ன சொல்றான்?" என்றார் பொம்முராஜ்.

"தீர்வு சாத்தியமில்லைங்கறான்" என்றார் மாரக்காள். "நம்ம நிரலு பைத்தான்னு ஒரு மொழியில எழுதியிருக்குதில்ல, அதுல நம்மகிட்ட இருக்கறது மூணு புள்ளி எட்டாம் பதிப்பு. புதுப் பொதிக்கு மூணு புள்ளி பன்னிரண்டு வேணுமாம். ரெண்டுக்கும் ஒத்துப்போகலையாம்."

நஞ்சப்பனின் முகம் மலர்ந்தது. தீர்வு சாத்தியமில்லை என்ற வாசகத்தை அவர் காதால் கேட்டு எத்தனை காலமாயிற்று. போனஸ் கேட்டபோது சொன்னார்கள், கழிப்பறை கேட்டபோது சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பிறகுதான் தீர்வு வந்தது.

"தோழர்களே, நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்துவிட்டது" என்றார்.

இருந்தாலும் பெங்களூருக்கு ஒரு தொலைபேசி போட்டுப் பார்க்கலாம் என்று மாரக்காள் சொன்னார். ஜெயசீலன் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இது ஒண்ணும் பெரிய விஷயமில்லைங்கய்யா. புதுசுக்குத் தனியா ஒரு சூழல் போட்டுக் குடுத்துருங்க. பழசு பழைய இடத்துலயே இருக்கட்டும். ஒண்ணை ஒண்ணு தொடாது, பிரச்சினையே வராது."

நஞ்சப்பனின் மீசை துடித்தது. "என்ன சொன்னீங்க? ஒண்ணை ஒண்ணு தொடாதா?"

"ஆமாங்க. அதுக்குன்னு தனி இடம், அதோட சாமான் எல்லாம் தனி. பக்கத்துல இருந்தாலும் கலக்காது."

"தம்பி, இந்த ஊர்ல டீக்கடையில இரட்டைக் குவளை வெச்சிருந்தாங்க. அந்தக் கடைக்காரரும் இதேதான் சொன்னாரு. தனி இடம், தனிச் சாமான், பிரச்சினையே வராதுன்னு. அந்தக் குவளைகளை நசுக்கிட்டு ஜெயிலுக்குப் போனவன் நான்."

"ஐயா, இது மென்பொருளுங்க."

"எல்லாரும் முதல்ல ஏதாவது ஒரு பேரு சொல்லுவாங்க" என்று நஞ்சப்பன் இணைப்பைத் துண்டித்தார்.

பிரச்சினைக்கு இருந்த சரியான விடை இவ்வாறு கொள்கை அடிப்படையில் கட்டடத்தை விட்டு வெளியேற்றப்பட்டது. மூன்று பேரும் கை தட்டினார்கள்.

பிறகு ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். பழையதும் புதியதும் ஒரே பந்தியில் உட்காரவேண்டும். மாரக்காள் இரண்டு பதிப்புகளின் கோப்புகளையும் ஒரே கோப்புறைக்குள் கொட்டினார். ஒரே பெயருள்ள கோப்புகள் வந்தபோது "மேலே எழுதட்டுமா?" என்று கணினிப் பெட்டி கேட்டது. யார் மேல், யார் கீழ் என்ற பேச்சே இங்கே கிடையாது என்று நஞ்சப்பன் சொன்னதால், மாரக்காள் ஒன்றுக்கு ஆம், அடுத்ததற்கு இல்லை என்று மாற்றி மாற்றி அழுத்திச் சமத்துவத்தைக் காப்பாற்றினார்.

மறுநாள் காலை கிழக்கு வீதியில் குழாயில் தண்ணீர் வந்தது, மேற்கு வீதிக்குச் செய்தி வந்தது. மேற்கு வீதிப் பெண்கள் குடங்களோடு நின்று, காய்ந்த குழாயைப் பார்த்து, குழாயை விட்டுவிட்டுச் சங்கத்தைத் திட்டினார்கள். செயல் அலுவலர் தமயந்திக்கு மட்டும் 'உங்கள் வீதியில் தண்ணீர் வருகிறது' என்ற செய்தி நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவர் வேறு ஊரிலிருந்து வந்துபோகிறவர்.

"பந்தியில ஏதோ தகராறு போலிருக்குது" என்றார் தொட்டையன்.

பந்தியைக் கலைத்து, பழைய பதிப்பை ஜெயசீலன் கொடுத்துவிட்டுப்போன குறுந்தட்டிலிருந்து எடுத்து மீண்டும் நிறுவினார்கள். தகராறு நின்றது, சிவப்பு எழுத்தும் திரும்பி வந்தது.

"ரெண்டுல ஒண்ணு போயாகோணும்" என்றார் பொம்முராஜ். "அதுதான் தொழில் நியாயம்."

"போகலாம்" என்றார் நஞ்சப்பன். "ஆனால் ஆட்குறைப்பு என்று வந்தால் கடைசியாக வந்தவர்தான் முதலில் போகவேண்டும். அதற்காக நாம் ரத்தம் சிந்தியிருக்கிறோம். இரண்டில் எது கடைசியாக வந்தது?"

மாரக்காள் யோசித்தார். "புள்ளிக்கப்புறம் பன்னிரண்டுங்கறது எட்டை விடக் கம்மி. புள்ளி எட்டுன்னா முக்காலுக்கு மேல. புள்ளி பன்னிரண்டுன்னா அரைக்காலுக்குக் கிட்ட. அப்ப கம்மியா இருக்கறதுதான் முன்னாடி வந்திருக்கோணும்."

"அட நீங்க வேற" என்றார் பொம்முராஜ். "நூலுல என்ன கணக்கு? நம்பர் ஏற ஏற நூலு சன்னமாகும். எட்டாம் நம்பரு மொத்தம், பன்னிரண்டாம் நம்பரு மெலிசு. வயசாக ஆக மெலியறதுதானே உலகம். அதனால பன்னிரண்டுதான் வயசாளி."

"எங்க மாமனாரு வயசாக ஆக மொத்தமாத்தான் ஆனாரு" என்றார் தொட்டையன்.

"உங்க மாமனாரு நூலா?"

"நூலு இல்லீங்க. ஆனா எடுத்ததுக்கெல்லாம் அறுந்து விழுவாரு."

இந்த விவாதம் தேநீர் வந்தும் முடியவில்லை, தேநீர்க் குவளைகள் காலியாகியும் முடியவில்லை. கடைசியில் நஞ்சப்பன் எழுந்து நின்றார். மூப்பு யாருக்கு என்பது விவாதத்துக்குரியது, ஆனால் கட்டடத்துக்குள் அமைதியாக இருந்தவர் யார், வெளியிலிருந்து வந்து கலகம் செய்தவர் யார் என்பதில் விவாதமில்லை என்றார். எனவே மூன்று புள்ளி பன்னிரண்டு மீது உள்விசாரணை நடத்தப்படும்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணையை அவரே எழுதினார். 'இன்றைய சூழ்நிலையில்' என்று தொடங்கி, ஆறு அநியாயங்களையும் வரிசையாகச் சொல்லி, ஏழாவதாக மூன்று புள்ளி பன்னிரண்டு செய்த கலகத்தைச் சேர்த்தார். குறிப்பாணையை உரியவரிடம் நேரில் கொடுக்கவேண்டும் என்பது விதி. திரையில் ஒட்டினார்கள். திரை முழுவதும் மறைந்துவிட்டதால் பொம்முராஜ் பிளேடால் நடுவில் ஒரு ஜன்னல் வெட்டினார். அதில் ஏழாவது குற்றச்சாட்டு போய்விட்டது.

பதில் சொல்ல ஏழு நாள் அவகாசம் தரவேண்டும், ஆனால் திங்கட்கிழமை அதற்கு முன்பே வருகிறது. அவகாசத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமா என்று பெட்டியைக் கேட்டார்கள். ஆட்சேபம் எழவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட ஒரு சக தொழிலாளி வேண்டும். தொட்டையனை நியமித்தார்கள். அவர் அந்தப் பொறுப்பை யாரும் எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்விங்க தோழர்" என்றார் தொட்டையன். "எம்பட கட்சிக்காரரு இந்தச் சங்கத்துல வேலையில இருக்கறாரா?"

"இல்லை. அதுதானே பிரச்சினை. உள்ளே விட முடியவில்லை."

"வேலையிலயே சேராதவரை எப்படி நீக்குவீங்க?"

நஞ்சப்பன் நாற்காலியில் சாய்ந்தார். எத்தனையோ நிர்வாகத் தரப்பு வக்கீல்களைப் பார்த்திருக்கிறார், இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. நீக்கவேண்டும் என்றால் முதலில் சேர்க்கவேண்டும். சேர்க்கவேண்டும் என்றால் சின்ன மேஸ்திரி ஒத்துக்கொள்ளவேண்டும். சின்ன மேஸ்திரியோ தீர்வு சாத்தியமில்லை என்கிறான்.

"ஒத்தி வைக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை மதியத்துக்குமேல் செயல் அலுவலர் தமயந்தி வந்தார். அவருடைய கைப்பையில் ஒரு பெரிய பூட்டு இருந்தது. பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியதால் நால்வருக்கும் அது தெரிந்துவிட்டது. பின்னாலேயே வண்டி ஓட்டுநர் சந்தானமும் வந்தார். உள்ளே விசாரணை நடந்துகொண்டிருந்தது. நஞ்சப்பன் விசாரணை அதிகாரியாக உயரமான நாற்காலியில் இருந்தார். கணினியை ஒரு முக்காலியில் எல்லாருக்கும் எதிரே நிறுத்தியிருந்தார்கள்.

"என்னங்க நடக்குது?" என்றார் தமயந்தி.

"உட்காருங்கள் அம்மா. இருவரும் சாட்சிகளாக இருங்கள்" என்றார் நஞ்சப்பன்.

தமயந்தி உட்கார்ந்தார். களைத்துப்போயிருந்தார், நாற்காலி கிடைத்தது. தொட்டையனின் வாதத்தை ஒருமுறை கேட்டார், பொம்முராஜின் மறுப்பை ஒருமுறை கேட்டார். பிறகு குறிப்பாணையில் வெட்டியிருந்த ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தார்.

"சிவப்புல கீழ இன்னும் ஏதோ எழுதியிருக்குதே. அதைப் படிச்சீங்களா?"

"நிர்வாகத்தின் பதிலை முதல் வரிக்கு மேல் படிப்பது எங்கள் மரபில்லை" என்றார் நஞ்சப்பன். "படித்தால் பலவீனம் என்று நினைத்துவிடுவார்கள்."

"நான் நிர்வாகம்தானே, நான் சொல்றேன். படிங்க."

மாரக்காள் விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். "முரண்பாட்டுக்குக் காரணம் என்னன்னா... மூணு புள்ளி எட்டு தவிர வேற எதுவும் வரக்கூடாதுன்னு பயனர் நிபந்தனை போட்டிருக்கறாரு. அந்த நிபந்தனையை எடுத்தாப் புதுப் பதிப்பு வந்துரும், பழைய வேலையும் ஓடும்."

விசாரணை மண்டபம் பரபரத்தது.

"பார்த்தீங்களா" என்றார் தொட்டையன். "எம்பட கட்சிக்காரரு நிரபராதி. வெளியில இருந்து யாரோ சதி பண்ணியிருக்காங்க."

"அந்தப் பயனர் யார்?" நஞ்சப்பனின் குரல் கம்பீரமாக ஒலித்தது. "தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிட்ட அந்தக் கருங்காலி யார்? பெயரைச் சொல்லுங்கள்."

மாரக்காள் திரையைப் பார்த்தார், நஞ்சப்பனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "நஞ்சப்பன்னு போட்டிருக்குதுங்க தோழர்."

தொட்டையன் குனிந்து, ஜன்னல் வழியாகத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஜெயசீலன் சார் போன அன்னிக்கு, மூணு புள்ளி எட்டு இத்தனை நாளாத் தற்காலிகமாவே இருக்குது, பணி நிரந்தரம் பண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் மாரக்காள் மெதுவாக. "அதுக்குத்தான் அந்த வரியைச் சேர்த்தோம். இனிப்புக்கூடக் குடுத்தீங்க."

தமயந்தி கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. அந்த ஒரு வரியை அழிச்சிருங்க. ஓடுச்சுன்னா நான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். அஞ்சு மணியாகப் போகுது."

நஞ்சப்பன் கையை உயர்த்தினார். "முடியாது அம்மா. நிரந்தரம் செய்தவருடைய தரப்பைக் கேட்காமல் நிரந்தரத்தை ரத்து செய்யக்கூடாது. இயற்கை நீதி என்று ஒன்று இருக்கிறது. அவரைக் கூப்பிடவேண்டும்."

"யாரை?"

"அவரைத்தான். தோழர் தொட்டையன், வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுங்கள்."

தொட்டையன் வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்று, நீதிமன்றச் சேவகரைப்போல வயிற்றிலிருந்து குரலை எடுத்தார். "நஞ்சப்பன்... நஞ்சப்பன்... நஞ்சப்பன்..."

உள்ளே எல்லாரும் வாசலையே பார்த்தார்கள். நஞ்சப்பனும் பார்த்தார். ஓர் ஆடு தலையை நீட்டிவிட்டுப் போயிற்று.

"இருக்கறாரே, இங்கதானே உட்காந்திருக்கறாரு" என்றார் சந்தானம்.

"இங்கே இருப்பது விசாரணை அதிகாரி" என்றார் நஞ்சப்பன். "நடுவில் சாட்சி பேசக்கூடாது."

வழக்கமாகக் கொடுக்கும் நேரம் கொடுத்துப் பார்த்தார். யாரும் வரவில்லை. "ஆஜராகவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். மனசாட்சி உள்ளவராயிருந்தால் வந்திருப்பார்" என்றார் வருத்தத்துடன். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்லப்பட்டது. மூன்று புள்ளி எட்டின் நிரந்தரம் ரத்து. அதைச் செய்த நஞ்சப்பன் செயலாளர் பொறுப்பிலிருந்து உடனடியாக நீக்கம்.

மாரக்காள் வரியை அழித்தார். சின்ன மேஸ்திரி ஒரு சொல் பேசாமல் புதுப் பதிப்பையும் புதுப் பொதியையும் கொண்டுவந்து இறக்கினான். சற்று நேரத்தில் கிழக்கு வீதியில் கைபேசிகள் கிணுகிணுத்தன, அதே வீதியில் குழாயிலும் தண்ணீர் வந்தது. பொம்முராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைத் தட்டிக்கொடுத்தார்.

தமயந்தி ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். "செயலாளர் கையெழுத்துப் போடுங்க."



"செயலாளரு இல்லீங்களே" என்றார் பொம்முராஜ். "இப்பத்தானே நீக்கினோம்."

"ஐயோ, யாராவது ஒருத்தர் போடுங்க. அஞ்சு மணிக்கு மேல என்னால முடியாது. பூட்டை மாட்டிட்டுத்தான் போகோணும்."

முதல்முறையாக நஞ்சப்பனின் முகம் வெளிறியது. அவர் கூரையைப் பார்த்தார், சுவரில் சாய்ந்துகிடந்த பழைய கொடிக்கம்பத்தைப் பார்த்தார். பிறகு உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். "தோழர்களே, இன்றைய சூழ்நிலையில் உடனடியாகத் தேர்தல் நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பொம்முராஜ், நீங்கள் தேர்தல் அதிகாரி."

தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஒரே ஒரு மனு வந்தது. மாரக்காள் முன்மொழிந்தார். வழிமொழிய வந்த தொட்டையன் ஓர் ஆட்சேபம் கிளப்பினார்.

"இந்தப் பேருல ஒருத்தரைச் சித்த முன்னாடிதான் கருங்காலின்னு நீக்கினோமுங்க."

"அவர் செய்த தவறுகளுக்கு நான் எந்த வகையிலும் பொறுப்பல்ல" என்றார் வேட்பாளர். "கூப்பிட்டபோது வரக்கூடத் துணிவில்லாத அந்த ஆளின் நிர்வாகத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். என்னைத் தேர்ந்தெடுத்தால், இத்தனை நாள் வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த மூன்று புள்ளி பன்னிரண்டை இன்றைக்கே பணி நிரந்தரம் செய்வேன்."

தன் கட்சிக்காரருக்கு நீதி கிடைத்துவிட்டதென்று தொட்டையன் கணினியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். வழிமொழிந்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். மாரக்காள் விசைப்பலகையில் விரல்களை வைத்துத் தயாராக உட்கார்ந்தார்.

சாட்சிகள் இருவரும் எழுந்து நிற்கவேண்டும் என்று பொம்முராஜ் கேட்டுக்கொண்டார். சந்தானம் நின்றார். தமயந்தியும் ஒரு கையில் பூட்டும் ஒரு கையில் பேனாவுமாக நின்றார். பொம்முராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, காகிதத்தை எட்டப் பிடித்து, ஆலைச் சங்கு ஊதுவதுபோல நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"பஞ்சாலைத் தொழிலாளர் கணினிக் கூட்டுறவுச் சங்கத்தின் புதிய செயலாளராக, முந்தைய செயலாளரின் தொழிலாளர் விரோதப் போக்குக்கு முடிவு கட்டி, போட்டியின்றி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தோழர் நஞ்சப்பன்."